சங்குமேட்டுப் பெண்கள் கடலில் குளிக்கும் நேரம்

அனுப்புநர்:
கா. மாஷிதா,
த/பெ. காஜா நவாஸ்,
பள்ளிவாசல் மேலத்தெரு,
சங்குமேடு, தொண்டி வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: சங்குமேடு கடற்கரைப் பூங்கா – செவ்வாய் மாலைப் பெண்கள் குளியல் நேரம் பொய்க் காரணம் கூறி நிறுத்தப்பட்டது – அதை மீண்டும் நடத்தவும், பயிற்சி மாணவியர் இருவரின் சான்றிதழை வழங்கச் செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுநேரச் சேவை மேலாண்மை என்னும் இளங்கலைப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். என் வகுப்புத் தோழி மாரிச்செல்வி கமுதிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். அவள் இதில் சேர்ந்தபோது அவளுடைய தந்தை பால்சாமி, "நாங்க பொழுது போகாமலா மொளகாக் காட்டுல கெடக்கோம்? அதுக்கொரு படிப்பாம்ல" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தவறு இல்லை. ஓய்வு என்பது மனிதர் எல்லோருக்கும் உரியது என்பது எங்கள் பாடநூலின் முதல் பாடம். அதைத் தேர்வில் எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அதையே ஒரு கடற்கரையில் செய்து காட்டியதற்கு என் பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

2. படிப்பு முடிய ஒரு பருவம் களப்பயிற்சி கட்டாயம். எங்கள் இருவருக்கும் சங்குமேடு கடற்கரைப் பூங்கா ஒதுக்கப்பட்டது. அது அரசு நிலத்தில் அரசுப் பணத்தில் கட்டப்பட்டு, நடத்துவதற்கு மட்டும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தமாக விடப்பட்டுள்ளது. முதல் சில வாரங்கள் எங்களைப் பட்டுப்புடவை உடுத்தி வாசலில் நிற்கவைத்து, வருவோர் மீது பன்னீர் தெளிக்கச் சொன்னார்கள். அதற்குப் பெயர் விருந்தோம்பல் பயிற்சி. நாங்கள் தெளித்தோம்.

3. பிறகு, கூட்டம் இல்லாத நாட்களில் ஆட்களை வரவைக்க ஒரு புதிய சேவையை உருவாக்குமாறு கல்லூரி எங்களுக்குப் பணி கொடுத்தது. ஓய்வுநாள் என்றால் சனி, ஞாயிறு என்று நிறுவனம் நினைத்திருந்தது. எங்கள் கடற்கரையில் அப்படி இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் கடலுக்குப் போகிறார்கள். சங்குமேட்டில் இருப்பவை நாட்டுப்படகுகள். அவை கடலில் நிற்கும் செவ்வாய் மாலையில் கரையில் ஆண்கள் குறைவு. வீட்டில் சமையலும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆகவே செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை, அதாவது ஏறத்தாழ மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, பெண்கள் மட்டும் கடலில் குளிக்கலாம் என்று திட்டமிட்டோம். பூங்கா மேலாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தார் (இணைப்பு 1).

4. பாதுகாப்புக் குறித்துத் தாங்கள் கேட்கக்கூடும். ஆழம் கூடுவதற்கு முன்பே மிதவை போட்டுக் கயிறு கட்டினோம். உயிர்காப்பாளராக இருந்தது மாரிச்செல்வி. அவள் உயிர்காப்புப் பயிற்சியில் தேர்ச்சி பெற்றவள். தண்ணீர் கிடைக்காத ஊரின் பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் கற்றவள். கடற்கரையில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அலைச்சத்தம் கேட்கும் வீட்டில் வாழ்ந்து, கணுக்காலுக்கு மேல் கடல் படாமலே மௌத்தாகிப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

5. முதல் செவ்வாயன்று எங்கள் தவறால் ஒரு குழப்பம் நேர்ந்தது. 'மகளிர் சிறப்புச் சேவை' என்று பலகை வைத்திருந்தோம். எங்கள் ஊரில் மகளிர் என்று பலகை வைத்தால் கடன் கொடுக்கும் குழு வந்திருக்கிறது என்று பொருள். வந்தவர்கள் எல்லோரும் ஆதார் நகலோடு வரிசையில் நின்றார்கள். உம்மு ஹபீபா என்பவர் வீட்டில் கருவாடு காயவைத்து விற்பவர். "போட்டோவும் கொண்டாந்திருக்கேன், எங்கன கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். கையெழுத்து வேண்டாம், கடலில் இறங்கிக் குளிக்கலாம் என்றேன். "குளிக்கவா கூப்ட்டே? இதுக்குமா மூணு வருசம் படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆதார் நகலை என் கையில் கொடுத்து இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் மாரிச்செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "விட்டுறாத புள்ள, விட்டே, ஒன்னையும் இழுத்துட்டுத்தான் போவேன்" என்று சொன்னது கரை வரை கேட்டது. இருட்டும் வரை அவரைக் கரையேற்ற முடியவில்லை. அடுத்த வாரம் அவர் தெருவையே கூட்டிவந்தார். மீனவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே கயிற்றைப் பிடித்து நின்றார்கள். அதற்கு முன் அவர்கள் மீன் ஏலக்கூடத்தில் ஒருவரோடொருவர் விலை பேசித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

6. இது ஒரு மாதத்துக்கு மேல் எந்தப் புகாரும் இன்றி நடந்தது. பிறகு ஒரு செவ்வாயன்று நிறுவனத்தினர் விளம்பரப் படம் எடுக்க வந்தார்கள். கரையில் காய்ந்துகொண்டிருந்த நைட்டிகளையும் துண்டுகளையும் பார்த்த மேலாளர் என்னிடம் கூறியதை அப்படியே தருகிறேன்: "இதுகளப் பாத்தா மதுரையில இருந்து காரெடுத்துட்டு வர்றவன் திரும்ப வருவானா? இது ரிசார்ட் மாதிரி இடம்மா. ஊர்சனம் குளிக்கிற கம்மா இல்ல." அன்றே பலகை அகற்றப்பட்டது. அடுத்த செவ்வாய் வந்த பெண்களைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

7. இதுவரை நடந்தது இந்த நாட்டில் வழக்கமானதுதான். அதற்கு மேல் நடந்ததற்காகவே இம்மனு. நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் நைட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'உள்ளூர் ஜமாஅத்தின் கடும் எதிர்ப்பாலும், மத உணர்வுகள் புண்பட்டதாலும்' நிகழ்ச்சி நிறுத்தப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள் (இணைப்பு 2). முஸ்லிம் ஊர், பெண்கள், குளியல் என்ற மூன்று சொற்களைச் சேர்த்துவிட்டால் மேற்கொண்டு யாரும் விசாரிக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கணக்குத் தப்பவில்லை. கல்லூரி விசாரிக்கவில்லை.

8. நான் விசாரித்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜமாஅத் தலைவர் அலியார் அவர்களிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "எவன் எதுத்தது? அந்த நேரத்துல ஆம்பளைக அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு பள்ளிவாசல் மைக்குல சொன்னதே நான்தான். எம் மருமவ அங்கனதான் ஊறிக்கிட்டுக் கெடந்தா. எம் பேர வச்சுக் கடையடைக்க இவனுக யாரு?" என்றார். எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றும், இந்த நேரம் தொடரவேண்டும் என்றும் ஜமாஅத் முத்திரையுடன் எழுதிக் கொடுத்திருக்கிறார் (இணைப்பு 3). ஜமாஅத் செய்யும் எல்லாவற்றையும் ஏற்பவள் அல்ல நான். அவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது, அதை நேரில் போட்டுக்கொள்வேன். செய்யாததை அவர்கள் தலையில் கட்டுவதற்கு நான் சாட்சியாக இருக்க முடியாது.

9. ஆனால் எங்களைச் சாட்சியாகத்தான் கேட்கிறார்கள். 'எனது முன்யோசனையற்ற செயலால் ஊரில் மத உணர்வு புண்பட்டது. இதற்கு வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் பயிற்சிச் சான்றிதழ் தரப்படும் என்று நிறுவனம் கூறுகிறது. சான்றிதழ் இல்லாமல் பட்டம் இல்லை. துறைத்தலைவர் என்னை அழைத்து, "ஒரு வரிதானம்மா. எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இரு. ஒனக்கு டிகிரி வேணுமா, வம்பு வேணுமா?" என்று அன்பாகவே கேட்டார். ஐயா, அந்த ஒரு வரியை நான் எழுதினால் அந்த வாசல் இனித் திறக்காது. நாளை யார் கேட்டாலும், ஊர்ப் பெண்ணே ஒப்புக்கொண்டாள் என்று அந்தத் தாளைக் காட்டுவார்கள். மாரிச்செல்வியின் வீட்டில் அவள் பட்டத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே அவளாவது எழுதிக் கொடுக்கட்டும் என்று கைப்பேசியில் சொன்னேன். "எம் பொறுப்புல தண்ணிக்குள்ள எறங்குனவுகடி அவுக. நீ எழுதினாலும் நான் எழுத மாட்டேன்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டாள். நாங்கள் இருவரும் எழுதித் தரவில்லை. தரமாட்டோம்.

10. எனவே தாங்கள்,

(அ) ஜமாஅத் பெயரில் பொய்க் காரணம் எழுதியது குறித்து ஒப்பந்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்கவும்,

(ஆ) செவ்வாய் மாலைப் பெண்கள் நேரத்தை, பயிற்சி மாணவிகளின் தயவில் இல்லாமல், ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்த்து நடத்த ஆணையிடவும்,

(இ) எந்த வருத்தக் கடிதமும் இன்றி எங்கள் இருவரின் சான்றிதழையும் வழங்கச் செய்யவும் வேண்டுகிறேன்.

மூன்றில் இரண்டை மட்டும்தான் செய்ய இயலும் என்றால், மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

11. ஒரு தகவலையும் முறைப்படி தெரிவிக்கிறேன். அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை அசருக்குப் பிறகு நாங்கள் கடலில் இறங்குவோம். தெருவில் பேசி முடித்தாகிவிட்டது. மாரிச்செல்வி மதியப் பேருந்தில் வருகிறாள். பூங்கா வாசல் திறந்திருந்தால் மிதவையும் கயிறும் உள்ள இடத்தில் இறங்குவோம். பூட்டியிருந்தால், பூங்கா வேலிக்கு வடக்கே வலை உலர்த்தும் மணல் வழியாக இறங்குவோம். அங்கே கயிறு இல்லை. எந்தப் பக்கம் இறங்குவது என்பதை மட்டும் தங்கள் உத்தரவுக்கு விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கா. மாஷிதா

இடம்: இராமநாதபுரம்
நாள்: 17.02.2025

இணைப்புகள்:
1. மேலாளரின் அனுமதிக் கடித நகல்
2. ஒப்பந்த நிறுவனம் கல்லூரிக்கு எழுதிய கடித நகல்
3. சங்குமேடு ஜமாஅத் தலைவரின் கடிதம்