எனக்கு நானே எழுதிய பிரிவு அட்டை

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பவானிபூர் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது. ஆபீஸுக்கு அரை மணி லேட்.

மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. நாக்பூர். வெள்ளியன்று ரிலீவ். ஐந்து வருஷ கல்கத்தா. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. அசதி.

மாலை செக்‌ஷன் ஆபீசர் நெளிந்துகொண்டு வந்தார். "மேடம், ஃபேர்வெல் கார்டு எப்பவும் நீங்கதானே எழுதுவீங்க... இதையும் நீங்களே..."

அடக் கடவுளே. எனக்கு நானே!

ஜூலை 9, புதன்

கேஸ் கனெக்‌ஷன் சரண்டர். பேக்கர்ஸுக்கு போன். வீட்டுச் சாவி. அட்டை.

எல்லா அட்டையிலும் நான் போடும் வரி: 'வீ திங்க் த வேர்ல்ட் ஆஃப் யூ.' உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மனசார நேசிப்பவரிடம் மட்டும் சொல்ல வேண்டியது. மாற்றலான பதினோரு பேருக்கும் எழுதித் தள்ளினேன். தினமும் கத்தித் தீர்த்த பழைய மேலதிகாரிக்கும்.

இன்று என் பெயருக்குக் கீழே அதை எழுதக் கை வரவில்லை. இங்கே யாருக்காவது நான் அப்படியா? 'பெஸ்ட் விஷஸ்' போட்டு மூடினேன். அழுகையாக வந்தது.

ஜூலை 10, வியாழன்

அட்டையைக் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு சுற்றியது மிதாலி தீதி, மிதாலி அக்கா. எப்போதும் அவர்தான். பக்கத்து மேஜை, ஐந்து வருஷமாக மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாக.

பின் மேஜைக்காரர் ஒருவர்: "இது யாருக்கு?" கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

தீதி உள்ளூர் ஸ்டாஃப். மாற்றல் கிடையாது. அவருக்கு யாரும் அட்டை எழுதியதே இல்லை. இன்றுதான் உறைக்கிறது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

கரியாஹாட் கடைத்தெருவில் தீதிக்கு ஓர் அட்டை வாங்கினேன். அதே வரி. முதல்முறையாக நிஜமாக.

ஜூலை 11, வெள்ளி

ஃபேர்வெல். சிங்காரா என்கிற இந்த ஊர் சமோசா, சந்தேஷ் இனிப்பு, இரண்டு பேச்சு. முடிந்தது.

தீதியிடம் அட்டையை நீட்டினேன். படித்தார். சிரித்துவிட்டார். அவருடைய வங்காள மொழியில், "ஆரே பாபா, இதைத்தானே எல்லாருக்கும் எழுதின? நான்தானே தூக்கிட்டு அலைஞ்சேன். எனக்கு வேற எழுது. உன் பாஷையில."

"உங்களுக்குப் படிக்க வராதே, தீதி."

"அதனால என்ன? எழுது."

அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே தமிழில் எழுதினேன்: நீங்க இல்லாம எனக்குச் சோறு இறங்காது.

என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.