காஞ்சிடுச்சின்னு சொன்னது யாரு

6 அக்டோபர் 2024, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் துணி துவைத்துப் போட்டேன். மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. பக்கத்து வீட்டுக் காயத்ரி இருக்கிறாள், எடுத்து வைப்பாள் என்று படுத்துத் தூங்கிவிட்டேன். இந்த லைன் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கொடிதான். எழுந்து பார்த்தால் எல்லாம் மடித்து என் வாசலில் இருந்தது. ஜாக்கெட்டின் கொக்கியைக்கூட மாட்டி வைத்திருந்தாள்.

8 அக்டோபர்

ஒடிசாவிலிருந்து வந்த மினதிக்கு எங்கள் பெயிண்ட் பிரிவில் ஒரே ஒரு சொல்லில்தான் தலை சுற்றுகிறது. சந்தையில் காய் என்றால் கத்திரிக்காய். இங்கே மோட்டார் மூடியைத் தொட்டுப் பார்த்து 'காயல' என்கிறோம். டீ நேரத்தில் வகுப்பு எடுத்தேன். துணி காயும். பெயிண்ட் காயும். பேசிப் பேசித் தொண்டை காயும். சாப்பிடாவிட்டால் வயிறு காயும். கிணறு மட்டும் காயாது, வற்றும். நிலா காயும் என்றதும் காயத்ரி குறுக்கே வந்தாள்.

"நிலாவுல எவடி தண்ணி ஊத்தனது? அந்தப் பொண்ண பேஜாரு பண்ணாத."

மூன்று பேரும் சிரித்தோம்.

மினதிக்கு இந்தச் சொல் தெரிந்தே ஆக வேண்டும். லைன் லீடர் லோகு அண்ணன் மூடியின் அடிப்பக்கத்தைத் தொட்டு 'காஞ்சிடுச்சி' என்பார். பக்கத்தில் நிற்கிறவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு குரல் கேட்டால் நான் பெட்டியில் அடுக்குவேன். மெஷின் சத்தத்துக்காக யாரோ எப்போதோ வைத்த வழக்கம்.

16 அக்டோபர்

விடாத மழை. ஓவன் ரிப்பேர், மூடிகள் காற்றில்தான் காய வேண்டும். இந்தக் காற்றில் எங்கே காய? என் விரல் ஒட்டியது. "காயலண்ணா" என்றேன். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. லோகு அண்ணன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"காஞ்சிடுச்சி, போடு."

காயத்ரி என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே "காஞ்சிடுச்சி" என்றாள். இரண்டு குரல் ஆகிவிட்டது. அடுக்கினேன்.

24 அக்டோபர்

பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. மூடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்தால் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது. மேனேஜர் எங்களை நிற்க வைத்துக் கேட்டார்.

"நான் சொல்லல சார். ஏஞ்சலின் அதுவே காஞ்சிடுச்சின்னு எடுத்துப் போட்டுக்கினு கீது" என்றார் லோகு.

எனக்குப் பயமே வரவில்லை. காயத்ரிதான் இருக்கிறாளே, சொல்லிவிடுவாள்.

"ஆமா சார்," என்றாள் காயத்ரி. "ஏஞ்சலின்தான் சொல்லிச்சி."

எப்புட்றீ? என் பக்கத்துல நின்னுகினு, என் டிபன் பாக்ஸ்ல கைய வுட்டுத் தின்னுகினு — எப்புட்றீ வாய் வந்துச்சி உனுக்கு?

திங்கட்கிழமை விசாரணையாம். வேலை போனால் ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீடுதான். அண்ணி சோறு போடுவாள், போட்டதைச் சொல்லியும் காட்டுவாள். போன வருஷம் ஆறு மாசம் தின்று பார்த்த சோறு அது. மறுபடியும் எனக்கு இறங்காது.

25 அக்டோபர்

தண்ணீர் குடித்துக் குடித்தும் தொண்டை காய்கிறது. பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. அவளால் டிவி பார்க்க முடிகிறது.

26 அக்டோபர்

குழாயடியில் கேட்டேவிட்டேன்.

"இன்னா பண்ண சொல்ற? லோகு அண்ணன் என்ன பர்மனென்ட் ஆக்கறேன்னு சொல்லிகிறாரு. உனுக்கு அண்ணன் ஊடு கீது. எனுக்கு யாரு கீறா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகப் போனாள். அண்ணி பேசியதையெல்லாம் இவளிடம்தானே சொல்லி அழுதேன்? தெரிந்தே சொல்கிறாள்.

27 அக்டோபர்

மினதிக்குச் சொல்லித் தராமல் விட்டது ஒன்று உண்டு — குளிர்காய்வது. அதற்கு இன்னொருத்தி எரிய வேண்டும்.

28 அக்டோபர்

நான் சொன்னதையெல்லாம் மேனேஜர் கேட்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. அப்போது யாரும் கூப்பிடாமலே மினதி உள்ளே வந்தாள்.

"ஏஞ்சல் அக்கா காயல சொன்னா. லோகு அண்ணா காஞ்சிச்சி சொன்னார். காயத்ரி அக்கா காஞ்சிச்சி சொன்னா."

லோகு சிரித்தார். "அதுக்கு இன்னா சார் தமிழ் தெரியும்? காய்னா கத்திரிக்காய்னு நெனச்சிகினு கீது."

மேனேஜர் அவளையே கேட்டார். "காயலன்னா என்னம்மா?"

"தொட்டா ஒட்டும்" என்றாள் மினதி. கொஞ்சம் யோசித்தாள். "துணி காயும். தொண்ட காயும். சோறு இல்ல, வயிறு காயும். கெணறு காயாது, வத்தும். நிலா காயும் — அது எனக்குப் புரியல."

லோகுவின் சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் காயத்ரி பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

"லோகு அண்ணன்தான் சார் சொன்னாரு" என்றாள்.

கேட்ட உடனே சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமா அது? அப்படியானால் வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே காயத்ரி. நான் நாலு நாளாகச் சாப்பிடவில்லை.

9 நவம்பர், சனி

வேலை இருக்கிறது. லோகுவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காயத்ரிக்கு வேறு ஷிப்ட். இப்போது நான் தொட்டுச் சொல்கிறேன், மினதி திருப்பிச் சொல்கிறாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. காலையில் கொடியில் துணி போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓட்டமாக வந்தேன். எல்லாம் மடித்து என் வாசலில் இருந்தது. ஜாக்கெட்டில் கொக்கி மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே லைட் எரிந்தது.

தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றாக அலசிப் பிழிந்து, வீட்டுக்குள்ளேயே ஒரு கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் காய இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.