கட் செய்தால் கரண்ட் இருக்கிறது

அன்புள்ள ராமசாமி அண்ணனுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் கரண்ட் போவதில்லை என்று மட்டும் நம்புகிறேன்.

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நாற்பது நிமிஷப் பாடத்துக்கே கரும்பலகை ஓரத்தில் நம்பர் போட்டவன் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தில் வரப்போவது இவை:

1. நம் கூட்டுக் கிணற்றில் நடந்த கலகம்.
2. நீங்கள் ஆசைப்பட்ட மோட்டார் பெட்டியால் உங்கள் மகள் செல்விக்கு வந்த நன்மை.
3. அந்தப் பெட்டி வந்தால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தேடிப் போவது நின்றுபோகும் என்று நான் சொன்னேனே, அது சரிதான் என்பது.
4. நன்றி.

வரிசைப்படி தொடங்க முயன்றேன். முடியவில்லை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவது புரியாது.

எழுமலையில் உங்கள் நிலம், முத்துப்பாண்டி நிலம், என் மாமனார் வழியாக வந்த தென்னந்தோப்பு, மூன்றுக்கும் அந்த ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. நீங்கள் இல்லாமல் உங்கள் முறையை யார் பார்ப்பது என்ற கேள்வி பதினாறாம் நாளே வந்துவிட்டது. மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், மும்முனைக் கரண்ட் வரும் நேரமெல்லாம் கிணற்றுக்கு ஓடிவர முடியுமா? "எங்கிட்டக் குத்தகைக்கு விட்டுரு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றார் முத்துப்பாண்டி. உங்கள் சித்தப்பா மகனாயிற்றே, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் செல்வி மாட்டேன் என்றுவிட்டாள். "அப்பா கடைசிவரைக்கும் பண்ணுன வெள்ளாமை. என்னாலயும் முடியும்" என்றாள்.

போனிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டினாள். நீங்கள் திருமங்கலம் கடையில் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் பேசினீர்களே, அதேதான். வார்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன் கால். இங்கே வெண்டைக்குத் தண்ணீர் பாய்கிறது. விடுமுறை நாளில் வந்து களை பார்க்கிறாள், வால்வைத் திருப்பிவிடப் பக்கத்து வயல் பேச்சியம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உசிலம்பட்டி சந்தையில் வெண்டை என்ன விலை என்று பஸ்ஸிலேயே பார்த்துவிட்டுத்தான் பறிக்கச் சொல்கிறாள். புதிய கருவி வந்தால் கைகளுக்கு வேலை போகும் என்றே நான் வகுப்பில் சொல்லிவந்தேன். ஒரு பெண்ணின் நிலம் அவள் கையிலேயே நிற்கவும் அது உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இனி கலகம்.

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்ததே அண்ணே, நினைவிருக்கிறதா? விடிந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். நீங்கள் கட் செய்தால் கரண்ட் இருக்கிறது, என் தென்னைக்கும் தண்ணீர் உண்டு. முழுக்க அடித்து ஓய்ந்தால் கரண்ட் இல்லை. காசும் செலவில்லை, பேச்சும் இல்லை. திருமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை வருஷம் அப்படி விவசாயம் பார்த்தேன்! யோசித்தால், எனக்கு முதலில் வாய்த்த பெட்டி நீங்கள்தான்.

நீங்கள் போனபின் அதை நிறுத்திவிட்டேன். சித்திரையில் ஒரு காலை, என்ன நினைப்போ, விரல் பழையபடி உங்கள் பெயரை அழுத்திவிட்டது. பதறிப்போய் நிறுத்துவதற்குள் இரண்டு முறை மணி அடித்தது. அப்புறம் கட் ஆனது. நீங்கள் கட் செய்வதுபோலவே.

நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும் என்றுதான் அறிவு சொன்னது. ஆனால் அன்று காபி ருசித்தது அண்ணே. மறுநாளும் அடித்தேன். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் கட். படித்தவன் செய்யும் காரியமா என்று வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை தோப்புக்குப் போனால், கிணற்றடியில் முத்துப்பாண்டி நின்று கத்திக்கொண்டிருக்கிறார். எதிரே செல்வி.

"எம் முறையன்னைக்கி விடியக்காலம் மோட்டாரு ஓடுது, தண்ணி பூராம் ஒன் வெண்டைக்குள்ள நிக்கிது. ஒங்கப்பன் இருந்தவரைக்கும் முறை மாத்தி ஒரு சொட்டுப் போனதில்ல. நீ மதுரையில ஒக்காந்துக்கிட்டு எம்புட்டுத் தண்ணியத்தேன் இழுப்ப?"

"சித்தப்பா, அந்நேரம் நான் டூட்டியில இருந்தேன். போன் லாக்கருக்குள்ள கெடந்துச்சு."

"அப்பப் பேயா வந்து போட்டுச்சு? பெட்டியக் கழட்டு. இல்லன்னா குத்தகைக்கு விட்டுட்டு ஊசி போடுற வேலையப் பாரு."

செல்விக்குக் குரல் உடைந்துவிட்டது. "பெட்டிக்குள்ள கெடக்கது அப்பா சிம்மு. அந்த நம்பர் வேற யாருக்கும் போயிறக் கூடாதுன்னு அதையே போட்டேன். எம் போன், வாத்தியாரய்யா போன், இது ரெண்டுலருந்து கூப்புட்டாத்தேன் அது கேக்கும். ஐயா எதுக்குக் கூப்புடப் போறாரு?"

ஆத்திர அவசரத்துக்கு என் நம்பரையும் பெட்டியில் போட்டிருப்பதாக அவள் முன்பே சொல்லியிருந்தாள். உள்ளே இருப்பது உங்கள் சிம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைக் கழற்றினால் அவள் வெள்ளாமை அதோடு முடிந்தது. பிள்ளைகள் முன்னால் பேசினாலும், சர்ச்சில் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் வேதம் வாசிக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. போனை எடுத்து உங்கள் பெயரை அழுத்தி, இருவர் முன்னாலும் நீட்டினேன்.

இரண்டு மணி. கட். மோட்டார் ரூமுக்குள் மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்தது.

செல்வி என் போன் திரையைப் பார்த்தாள். 'ராமசாமி அண்ணன்' என்று அதில் இருந்ததைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

முத்துப்பாண்டியும் திரையை எட்டிப் பார்த்தார். "ஏன் வாத்தியாரே, செத்த ஆளுக்கா டெய்லி போனப் போடுறீக?"

"பழக்கம்" என்றேன்.

"நல்ல பழக்கம். நான் கூப்புட்டா உசுரோட இருக்கப்பவே எடுக்க மாட்டாரு. உமக்குச் செத்தும் எடுக்குறாரு." சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தா, எம் நம்பரையும் அதுல போட்டு விடு. எங்கண்ணனுக்கு நானும் ரெண்டு வேலை சொல்லிக்கிறேன்" என்றார்.

பெட்டி கழலவில்லை. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து செல்வி அதில் சின்ன மாற்றம் செய்தாள். என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் இனி மோட்டார் ஓடாது. நான் கூப்பிட்டேன் என்று அவள் போனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போகும். "நீங்க எப்பவும் போலக் கூப்புடுங்கய்யா. அப்பா கட் பண்ணுவாரு" என்றாள். கிழவனை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் தினமும் கூப்பிடுகிறேன்.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கிணற்று மேட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை அண்ணே. முத்துப்பாண்டி டீக்கடையிலிருந்தே மோட்டாரைப் போடுகிறார். கரண்டுக்குக் காத்திருந்த நேரத்தில் நாம் பேசிய பேச்சு எவ்வளவு! காத்திருப்பது போனதும் பேச்சும் போய்விட்டது. நான்கூட மாதம் ஒருமுறைதான் போகிறேன். ஆகவே அன்று நான் சொன்னது

வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தபோதே குளிர் வந்து படுத்துவிட்டேன். மறுநாள் விடிந்தது தெரியவில்லை. காபியும் இல்லை, மிஸ்டு காலும் இல்லை. தலைமாட்டில் போன் அடித்தது. செல்வி.

"ஐயா, இன்னைக்கி அப்பாவக் கூப்புடலையே? என்ன செய்யிது?"

ஒன்றுமில்லை என்றேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள், நர்ஸ் அல்லவா. ஒரு மணி நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். பைக்கை நிறுத்திவிட்டு முத்துப்பாண்டி. எழுமலையிலிருந்து திருமங்கலத்துக்கு!

"ஒம்ம மக விரட்டி விட்டுச்சு. கெளம்பும், ஆஸ்பத்திரிக்கு. என்னத்தச் சொல்ல, ஒம்ம மெசேஜ் இன்னைக்கி வரலைன்னு என்னையக் காய்ச்சி எடுத்துருச்சு."

பைக்கில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மெசேஜ் என்னை ஏமாற்றுவதற்காக வைத்தது இல்லை. பிள்ளைகள் இல்லாத இந்த வீட்டில் நான் எழுந்துவிட்டேனா என்று ஒவ்வொரு விடியலிலும் ஒருத்தி பார்க்கிறாள். நீங்கள் அத்தனை வருஷம் அந்த மிஸ்டு காலை வாங்கியதும் கரண்டுக்காக மட்டும்தானா அண்ணே? அதை நான் கேட்டதே இல்லை.

நான்காவது, நன்றி. அதற்கு, மேலே எழுதியதே போதும் என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது காய்ச்சல் இல்லை. நாளை விடிந்ததும் காபியோடு கூப்பிடுவேன், நீங்கள் கட் செய்யுங்கள். என்னால் முடியும்வரை ஒரு நாளும் தவறவிட மாட்டேன்.

மூன்றாவதாக எழுதியதை நான் அடிக்கவில்லை. நீங்கள் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அது தப்பு, அண்ணே.

இப்படிக்கு,
உங்களோடு பிறக்காத உங்கள் தம்பி,
ஞானராஜ், திருமங்கலம்