கருடனுக்கு இன்னும் முப்பது வயது

புதிதாக வந்த புத்தகத்தை உள்ளே வைக்கலாம் என்று இன்றைக்கு உன் பெட்டியைத் திறந்தேன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம் குப்பென்று ஏறியது. டியூபைத் தேய்த்து, பசை தடவி, காயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த வாசம். கிழிந்த அட்டைகளையெல்லாம் அதே பசையால்தான் ஒட்டி வைத்திருக்கிறாய். ஐநூறு புத்தகம் இருக்கும். சரி, இருநூறு. நீ இருந்தால் இருநூற்றுப் பதினான்கு என்று திருத்தியிருப்பாய்.

இந்தப் பெட்டியைப் போன மாதம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்ததோடு ஒன்று கேட்கவும் கேட்டாள். உன் வருஷத் திதிக்கு பிளக்ஸ் வைக்க வேண்டும். நீ போன அன்று வைத்த பிளக்ஸில், அவசரத்தில் ஆதாரில் இருந்த பிறந்த தேதியையே அடித்துவிட்டார்கள். அது தப்பு என்பது அவளுக்கும் தெரியும்.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ஒரு வருசம், ரேசன் கார்டுல ஒரு வருசம், ஆதார்ல ஒரு வருசமுங்க பெரியப்பா. எது நெசம்னு சொல்லுங்க. எங்கப்பன் ஒரு தேதி தப்பாயிருந்தாச் சோறு திங்க மாட்டாரு. இந்தத் தடவையாவது சரியாப் போடோணும்."

உன் பிறந்த வருஷம் தெரிந்தவன் உயிரோடு இருக்கிறவர்களில் நான் ஒருவன்தான். நாளைக்குச் சொல்கிறேன் சாமி என்று அவளை அனுப்பிவைத்தேன். சொன்னால் உன் வருஷத்தோடு சேர்ந்து என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறும்.

நாம் முதலில் பார்த்தது மோகனூர் ரோட்டில், உன் பஞ்சர் கடையில். நான் அப்போது லாரி கிளீனர். எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதில் எனக்குச் சொல்லித்தர மிச்சம் எதுவும் இருக்கவில்லை. நீயோ மீசை முளைத்த கையோடு கடைக்கு முதலாளி. கம்பியை டயருக்குள் விட்டு ஒரே எத்தில் கழற்றிப் போட்டாய். டிரைவர் உன்னை மேஸ்திரி என்று கூப்பிட்டார், என்னை டேய் என்று கூப்பிட்டார். உனக்கு மேலே நிற்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. வயது என்ன என்று கேட்டேன். குத்துமதிப்பாக இருபது இருக்கும் என்றாய். "அப்ப நான் உனக்கு ரெண்டு வருசம் மூத்தவன் தம்பி" என்றேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "உக்காருங்ணா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாய். அதற்கப்புறம் நாற்பது வருஷம் நான் அந்த ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

சாம்பல் கருடன் படக்கதையை உனக்குக் காட்டியது நான். சேலத்தில் லோடு இறக்கப் போனபோது பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எஃகுச் சிறகு கட்டிக்கொண்டு வெளிநாட்டு ஊர் ஒன்றைக் காப்பாற்றுகிறவன், தமிழில் பேசுகிறவன். நீ ஒரே இருப்பில் படித்து முடித்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டாய். அப்புறம் நான் எந்தப் பக்கம் லோடு போனாலும் கருடன் இல்லாமல் திரும்பியதில்லை.

ஆனால் உனக்கு நிம்மதியாகப் படிக்கத் தெரியாது. முதல் புத்தகத்தில் கருடன் பெரிய யுத்தத்தில் விமானம் ஓட்டித் திரும்பிய முப்பது வயதுக்காரன். நாற்பதாவது புத்தகத்தில் யுத்தத்துக்குப் போனவர் அவன் அப்பா. நூற்றிருபதில் அது அவன் தாத்தா. ஆளுக்கு மட்டும் அதே முப்பது. மேசை மேல் இருந்த சுழற்றுகிற போன் பட்டன் போன் ஆனது, பிறகு தடவுகிற போன் ஆனது. அவனுடைய வீட்டுக்கார அம்மாள் எல்லாப் புத்தகத்திலும் அதே சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். டயர் கம்பெனி கொடுத்த டைரி ஒன்றில் நீ இதையெல்லாம் எழுதி வந்தாய். "இருபத்தெட்டில் முறிந்தது இடது கை. முப்பத்தொன்றில் வலது கை என்கிறார்கள்." டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுகிற அதே கண்தான்.

எனக்கு எதற்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை. பம்பாயில் அந்தக் கருடனை வரைகிறவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன், அவரே விளக்கினார் என்றேன். நீ பார்த்த பார்வையில் ஒரே ஓட்டல் என்று இறங்கி, கடைசியில் ஒரே தெரு என்று நின்றேன். அப்புறம், அதற்குள் நானே ஓட்ட ஆரம்பித்திருந்த லாரியைக் காட்டினேன். இன்ஜின் மாற்றியாச்சு. கேபின் மாற்றியாச்சு. திருச்செங்கோட்டில் பாடி புதுசாகக் கட்டியாச்சு. முன்னால் எழுதிய பெயர் மட்டும் அதே. அதனால் வேறு லாரி ஆகிவிட்டதா? கருடனும் அப்படித்தான் என்றேன். இதற்கு நீ தலையாட்டினாய். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, தள்ளவும் இல்லை.

பிறகு வந்தது அந்தப் புத்தகம். அட்டையில் 'புதிய தொடக்கம்' என்று போட்டு, எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். கருடனுக்குச் சிறகு செய்து கொடுத்த மெக்கானிக் ஒருவர் உண்டே, அவன் கூடப் பிறக்காத அண்ணன், அவர் தெருவில் எதிரே வருகிறார். கருடன் நின்று, யார் நீங்கள் என்று கேட்கிறான். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டாய். ஒரு மாதம் தொடவில்லை. புது ஆட்கள் வாங்க வேண்டாமா, வியாபாரம் என்று நான் ஏதோ சொன்னேன். நீ, மேலே புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெட் பட்டறைக்கு அனுப்ப ஒதுக்கி வைத்திருந்த மொட்டை டயர் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டே பேசினாய்.

"வருசத்த என்னமோ பண்ணிக்கட்டுங்ணா. யுத்தத்த மாத்தட்டும், போன மாத்தட்டும். அதெல்லாம் மேல ஒட்டற ரப்பருங்க. தேஞ்சா உரிச்சுப் போட்டு வேற ஒட்டிக்கலாம். யாரு யாருக்கு என்ன மொறை ஆவோணுங்கறது உள்ள இருக்கற டயருங்க. அது வெடிச்சுப்போச்சுன்னா எதுமேல ஒட்டறது?"

நான் பாதி இந்தியாவை லாரியில் சுற்றியவன். இதைவிடச் சரியான பேச்சை எங்கேயும் கேட்டதில்லை. அன்றைக்கு இதை உன்னிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும், கருடனுக்கு வருஷம் பார்த்த உனக்கே ஒழுங்கான வருஷம் கிடையாது. தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம். உனக்குக் கை நீளம், மூன்றரையிலேயே தொட்டுவிட்டாய். வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஜூன் மாதத்தை உனக்கும் போட்டார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் உன் நரையைப் பார்த்து ஒரு வயது போட்டார். ஆதாருக்கு எழுதியவர் தன் காதில் விழுந்தபடி ஒன்றைப் போட்டார். உன் அம்மா சொன்னது ஒன்றுதான்: மேட்டுக் கிணற்றில் எருமை விழுந்த வருஷம், ஆடி மாதம். அது எந்த வருஷம் என்று எண்ணால் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அந்த எருமையைத் தூக்கியவர், அப்போது அதே ஊரில் இருந்த என் அப்பா. ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி வந்தார் என்று உன்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். பதினைந்து பேர் கயிறு பிடித்தார்கள். ஆனால் இறங்கியவர் அவர்தான், கல்யாணமாகி மூன்று மாதப் புது மாப்பிள்ளை. அடுத்த வருஷம் நான் பிறந்தேன் என்பது வரை கதை வேகத்தில் உன்னிடம் உளறியிருக்கிறேன்; அண்ணன் சொல்கிற கதை என்று நீ அதில் கணக்குப் பார்த்ததில்லை. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில், தேதி நேரத்தோடு. எனக்கு மூன்று வயதானபோது நாங்கள் ஜலகண்டாபுரம் போய்விட்டதால் ஊரில் யாருக்கும் என் வயது ஞாபகமில்லை.

ஆதாரில் திருத்தம் செய்ய நாம் இருவரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பெயரில் எழுத்து விட்டுப்போயிருந்தது. நீ பிறந்த வருஷத்தைச் சரி செய்தே தீருவது என்று வந்திருந்தாய். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் பிறப்புச் சான்றிதழை வாங்கி, தேதி மாதம் வருஷம் மூன்றையும் ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். நீ எனக்குப் பின்னால் நின்றாய். உன் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கணுவாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எருமை, என் அப்பா, அடுத்த வருஷம், நான். விரல் நின்றுவிட்டது. ஐம்பது வருஷம் தேடிய உன் வருஷம் அந்த நிமிஷத்தில் உனக்குக் கிடைத்தது. நீ எனக்கு ஒரு வயது மூத்தவன் என்பதும் கூடவே கிடைத்தது.

அந்தப் பெண் உன்னைப் பார்த்து, என்ன திருத்தம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. இருக்கறதே இருக்கட்டும்" என்றாய். வெளியே வந்து, "அண்ணா, டீ சாப்பிடலாங்களா?" என்றாய்.

டைரியில் எழுதியிருப்பாய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இன்றைக்குத் தேடிப் பார்த்தேன். கருடனின் தப்புகள் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. என்னுடையது ஒன்றுகூட இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு டிரைவர், உங்களுக்கு அறுபதாங் கல்யாணம் எப்போது என்று என்னைப் பிடித்தான். நான் ஜாக்கியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து, "அண்ணனுக்கு வர்ற ஆவணியிலங்க" என்று உன் குரல் வந்தது. ஆக, ஐம்பத்தேழு வயதில் எனக்கு அறுபதாங் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றும்போது என் வீட்டுக்காரி காதில் கேட்டாள்: "இன்னும் மூணு வருசம் கெடக்குது, யாருக்குங்க இந்த அவசரம்?" நான் மந்திரம் கேட்கிற மாதிரி நின்றேன். அடுத்து நீ வந்து காலில் விழப்போனாய். மூத்தவன் விழுந்தால் இளையவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். நான் காலை இழுத்தேன்.

"நில்லுங்ணா, போட்டோ எடுக்கறாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு முழுசாக விழுந்தாய். என் ஆயுசு குறையவில்லை. இரண்டு வருஷத்தில் போனது நீ.

அதனால்தான், உன் மகள் வந்து கேட்ட மறுநாளே அவளோடு பிளக்ஸ் கடைக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழை மேசை மேல் வைத்து, இதில் ஒன்றைக் கழி, அதுதான் உன் அப்பன் வருஷம் என்றேன். எப்படி என்று கேட்டாள். எருமையை மறுபடி கிணற்றிலிருந்து தூக்கினேன், இந்த முறை பதினைந்து பேரோடு. கடைக்காரர் கம்ப்யூட்டர் மவுஸை விட்டுவிட்டுக் கேட்டார். உன் மகள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப நீங்க எனக்குச் சித்தப்பாங்களா?" என்றாள். பிறகு, "கீழ உங்க பேருக்கு முன்னால என்னன்னு போடறதுங்க?"

"அண்ணன்னே போடு சாமி."

"கணக்கு இடிக்குதுங்களே."

"இடிக்கட்டும். வருசம் மேல ஒட்டற ரப்பரு. உங்கப்பன் சொன்னது."

சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது. இனிமேல்தான் நிஜ அறுபதா, இன்னொரு சாப்பாடு உண்டா என்கிறார்கள். உண்டு என்று சொல்லியிருக்கிறேன். இந்த மடலைக்கூட மரியாதையாக 'நீங்கள்' போட்டு ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

பிளக்ஸ் உன் கடை ஷட்டர் மேலேயே தொங்குகிறது. ஆடி மாதம், சரியான வருஷம். தேதி மட்டும் எருமைக்கே வெளிச்சம்.

புதுப் புத்தகத்தைப் படித்துவிட்டேன். கருடனுக்கு அதே முப்பது. போன புத்தகத்தில் விற்ற மோட்டார் சைக்கிளில் இந்தப் புத்தகத்தில் போகிறான். டைரியில் உன் கடைசி வரிக்குக் கீழே அதை எழுதினேன். அதற்கும் கீழே, நீ எழுதாமல் விட்டதையும் எழுதினேன்: அண்ணன் தம்பியைவிட ஒரு வயது இளையவன். தப்புதான். திருத்த வேண்டாம்.