மைனஸ் 273-க்குப் போகாத கோடு

1982

அக். 11, திங்கள்

விடியும்போதே மழை. குடை கமுந்திங் ஊருக்குப் போகும் பஸ்ஸோடு போய்விட்டது. இந்த வருடத்தில் மூன்றாவது குடை.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். வியாழக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறாராம், என் வகுப்பில்தான் உட்காருவாராம். படிவம் நான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள், அறிவியல். அவர் நல்லபடியாக எழுதினால்தான் எனக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் மூன்றாம் வருடமும் தற்காலிக டீச்சர்.

எடுக்கப்போகும் பாடம்: காற்றைச் சூடாக்கினால் எவ்வளவு விரியும். படுத்தாத பாடம். கீழே வெப்பநிலை, பக்கத்தில் கன அளவு, புள்ளி வைத்தால் நேர்க்கோடு. கோட்டைப் பின்னால் நீட்டிக்கொண்டே போனால் கன அளவு பூஜ்யமாகும் இடம் மைனஸ் 273. யார் செய்தாலும் வரும், புத்தகத்தில்.

செய்ய வேண்டியவை:
– வரைபடத் தாள் 30
– முனியாண்டி அண்ணனிடம் கண்ணாடிக் குழாய் 10
– நீலச் சேலை, இஸ்திரி
– குடை!!

அக். 12, செவ்வாய்

மழை. குடை வாங்க மறந்தேன்.

வகுப்பில் ஒத்திகை. நான் மாணவியாகப் படிவம் நான்கில் வரைந்த வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பழைய நோட்டு, சிவப்பு மையில் நட்சத்திரம். கோடு 273-இல் போய் முட்டாவிட்டால் தப்பு உங்கள் கையில்தான், காற்றின் மேல் பழி போடாதீர்கள் என்றேன். பின்வரிசை மெய் லிங், உண்மையிலேயே வேறு எண் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். வராது என்றேன்.

முனியாண்டி அண்ணன் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். முன்பு கோலா கங்சார் பக்கம் எஸ்டேட் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர். வருகிறவர் பெரிய தொரையா, சின்ன தொரையா என்று விசாரித்தார். எஸ்டேட்டில் மேனேஜர் பெரிய தொரை, உதவி மேனேஜர் சின்ன தொரை. விளையாட்டாக, பெரிய தொரை என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாளியும் பிரஷுமாகப் போனார். நல்ல மனுஷன்.

அக். 14, வியாழன்

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், ஒல்லி, பேசவே மாட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். குழாய்கள் மின்னின. மூன்று பேருக்கு ஒரு குழாய். அடியில் கொஞ்சம் காற்று, அதன் மேல் மூடியாக ஒரு சொட்டுப் பாதரசம். தண்ணீரில் நிறுத்திச் சூடாக்கினார்கள், அளந்தார்கள், வரைந்தார்கள். 29 தாளில் 273. அச்சடித்த மாதிரி.

மெய் லிங் தாளில் மைனஸ் 61. வகுப்பே சிரித்தது.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்தார். எது சரி என்று என்னைக் கேட்டார்.

மற்ற 29 தாளும்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கல்லூரி, நிரந்தர வேலை, எல்லாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. அவள் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே, பாதரசத்துக்குக் கீழே, பொடிப்பொடியாக நீர்த்துளி. அடுத்த குழாயிலும். பத்திலும்!

சொன்னேன். குழாய் ஈரம். சூடாக்கும்போது தண்ணீரும் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்துகொள்கிறது, அதனால் அளவுக்கு மேல் வீங்குகிறது. இந்தக் குழாயில் 273 வரவே வராது. மெய் லிங் அளந்ததைப் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் முதலில் கோட்டைப் போட்டுவிட்டுப் பிறகு புள்ளியை வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அவர் ரொம்ப நேரம் எழுதினார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

முனியாண்டி அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தொரை வாராருன்னா கழுவாம வைக்க முடியுமா, டீச்சர்? நேத்து சாயந்தரம் சோப்பு போட்டு மூணு தண்ணி கழுவுனேன். ஆலையில அப்படித்தான் செய்வோம். இந்த மழையில எங்க காய வைக்கிறது?"

திட்ட வாய் வரவில்லை. பெரிய தொரை என்று சொன்ன வாய்தானே. கழிவறைக்குப் போய்ச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

அக். 15, வெள்ளி

மழை. மு. அண்ணன் பாதரசத்தை எடுத்துவிட்டு, பத்துக் குழாயையும் துண்டில் சுற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். என் அண்ணி தீபாவளிப் பலகாரத்துக்கு அடுப்புப் பெட்டியைச் சூடாக்கி வைத்திருந்தார். கேக்கை வெளியே எடுத்துவிட்டுக் குழாயை உள்ளே வைத்தோம்.

"ஊரெல்லாம் பிஸ்கட் சுடுது, எங்க வீட்டுல கண்ணாடி வேகுது லா" என்றார் அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அவரிடமும் அதையே சொன்னார்.

அக். 18, திங்கள்

காய்ந்த குழாயில் மறுபடி செய்தோம். 273 என்ற எண்ணை யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று கட்டளை. வந்தவை: 240, 291, 255, 266, ஒரு 310 (வெப்பமானியைத் தலைகீழாகப் படித்த மகராசன்). மெய் லிங் 262. ஒருவருக்கும் 273 இல்லை. எல்லார் முகத்திலும் பயம். எனக்கு மட்டும் சந்தோஷம்.

புதுக் குடை வாங்கினேன். இன்று வெயில்.

அக். 25, திங்கள்

அறிக்கை வந்தது. தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உட்காரச் சொன்னதும் முடிந்தது கதை என்று நினைத்தேன். மலாயில் நாலே வரி: முப்பது மாணவர்களில் ஒருவர் மட்டும் வரைபடம் வரைந்தார். மற்றவர்கள் ஒப்பித்தார்கள். ஆசிரியை இதைத் தானே சொன்னார். கல்லூரிக்குப் பரிந்துரைக்கிறேன்.

மு. அண்ணனிடம் சொன்னேன். அப்போ இனிமே கழுவ வேணாமா என்று கேட்டார். கழுவுங்கள், முந்தின வாரமே கழுவுங்கள் என்றேன்.

சாயந்தரம் நட்சத்திரம் வாங்கிய பழைய நோட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்திலேயே முதலில் வைத்து அழித்த புள்ளிகளின் தடங்கள், ஐந்து. ரப்பரை அழுத்தித் தேய்த்திருக்கிறேன், தாளே மெலிந்துபோயிருக்கிறது. அந்த ஐந்தின் வழியாக ஸ்கேல் வைத்துக் கோட்டை நீட்டிப் பார்த்தேன்.

மைனஸ் 249. நன்றாகத்தான் அளந்திருக்கிறேன்.