பித்தளைப் பட்டன்

கிழக்குத் தாம்பரம்
12.6.1968

மகள் ஜெயசீலிக்கு,

தேவானந்தம் மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் மகன் தயாளனும் இங்கே இரண்டு ராஜாக்கள் மாதிரி இருக்கிறோம். உன்னைப் பிலாய்க்கு நர்ஸ் வேலைக்கு ரயிலேற்றிவிட்ட அன்று பையன் அழுதானா என்று கேட்டிருந்தாய். அழவே இல்லை. எனக்குத்தான் கண்ணில் கரி விழுந்து கொஞ்சம் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இளம்பிள்ளை வாதம் வந்த கைக்கு விளையாட்டுதான் நல்ல மருந்து என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இதை நான் 1941-லேயே சொல்லிவிட்டேன், யாரும் எழுதிவைக்கவில்லை. எட்டாவதோடு நின்றவன்தானே என்று நினைக்காதே. முப்பது வருஷம் ஸ்கூலில் மணி அடித்திருக்கிறேன். மணி அடிக்காமல் எந்த ஹெட்மாஸ்டராவது ஒரு நாள் ஸ்கூல் நடத்திக் காட்டட்டும். ஆகையால் என்னைத் தாத்தா என்று கூப்பிடாதே, சார் என்று கூப்பிடு என்று பையனைப் பழக்கிவிட்டேன்.

நேற்று வலது கையால் பந்து எறிந்தான். ரயில்வே லைனைத் தாண்டிப் போய் விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டரே வந்து விசாரித்தார். பந்து அடிக்கடி கையிலிருந்து நழுவுகிறது. நான் குனிந்து குனிந்து எடுத்துத் தருகிறேன். அதுவும் எனக்கு நல்ல தேகப்பயிற்சி.

உன் மாமா
ம. தேவானந்தம்


பிலாய்
25.6.1968

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் படித்துச் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து, இதில் எதெல்லாம் நடந்தது என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். பந்து நழுவுகிறது என்ற ஒரு வரிதான் தேறியது. எனக்கு அந்த மாதிரி வரிகள்தான் வேண்டும், மாமா.

அவன் கையைப் பிடித்து இழுத்துப் பழக்காதீர்கள். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். பழைய பேப்பரைக் கிழிக்கட்டும், ஈரத் துணியைப் பிழியட்டும். இடது கை முந்திக்கொண்டு வந்தால் அதட்ட வேண்டாம். கைக்கு வேலை கொடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது.

இன்னொன்று. இங்கே ஒரு குழந்தைகள் பள்ளியில் விசாரித்தேன். நான் டியூட்டியில் இருக்கும் நேரமெல்லாம் பார்த்துக்கொள்வார்களாம். ஆனால் சட்டைப் பட்டனைத் தானே போடத் தெரிந்த பிள்ளையைத்தான் சேர்ப்பார்களாம். நாலு பட்டன், மாமா. அவன் அப்பா போனபிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். நாலையும் போட்டுவிட்டான் என்று எழுதுங்கள், அவனைக் கூட்டிவர அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள்
ஜெயசீலி


கிழக்குத் தாம்பரம்
3.9.1968

மகள் ஜெயசீலிக்கு,

நீ சொன்னபடி மாவு கொடுத்தேன். தயாளன் யானை செய்தான், அசல் யானை, தும்பிக்கை ஆடியது. கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பச்சையம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, ஆம்பள புள்ளைய மாவு பெசைய வுட்டுகினு கீற?" என்றாள். "இது வைத்தியம், உனக்குப் புரியாது" என்றேன். "புரியாட்டி போவுது, கையி நல்லா ஆவணும், அத்த பாரு" என்று போனவள், மறுவாரம் ஒரு பை நிறைய கிளிஞ்சல் கொண்டுவந்து கொட்டினாள். காசு கேட்கவில்லை. தயாளன் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறான். முதல் நாள் ஆறு போட்டான். இப்போது ஆறாயிரம். சரி, அறுபது என்று வைத்துக்கொள்.

பட்டனுக்கு நான் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் உங்கள் டாக்டர் அசந்துபோவார். என் ஸ்கூல் காக்கிக் கோட்டு இருக்கிறதே, ஐந்து பித்தளைப் பட்டன் வைத்தது. ஒரு விளையாட்டு விழாவில் கலெக்டர் அந்தக் கோட்டைப் பார்த்து என்னை ஹெட்மாஸ்டர் என்று நினைத்துக் கை கொடுத்தாரே, அதுதான். அதை நான் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருவேன். அவன் வலது கையால் பட்டனைத் துளையில் தள்ள வேண்டும். ஒரு பட்டன் ஏறினால் நான் வாயாலேயே 'டங்' என்று ஒரு மணி. ஐந்தும் ஏறினால் நீள மணி. ஸ்கூல் விட்டாச்சு என்று இரண்டு பேரும் வீட்டைச் சுற்றி ஓடுவோம்.

இதுவரை மூன்று மணி அடித்திருக்கிறேன். இதைக் கோடு போட்டுக்கொள்.

மாமா
ம. தேவானந்தம்


பிலாய்
20.11.1968

அன்பு மாமாவுக்கு,

குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. ஜனவரியிலிருந்து என் பெயரில். சாவியை இப்போதே கொடுத்துவிட்டார்கள், போய்த் திறந்து பார்த்தேன். இரண்டு அறை. என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

போன மாதம் அவன் கோட்டில் ஐந்தையும் போட்டுவிட்டான், நீள மணி பெருங்களத்தூர் வரைக்கும் கேட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவனுடைய சட்டைப் பட்டன் என்னவாயிற்று? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

உங்கள்
ஜெயசீலி


கிழக்குத் தாம்பரம்
5.12.1968

மகள் ஜெயசீலிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. விசேஷமாக எழுத ஒன்றும் இல்லை. சட்டைப் பட்டன் சின்னது, அவனுக்கு வரவில்லை. கையும் அப்படி ஒன்றும் முன்னேறவில்லை. அங்கே இப்போது குளிர் அதிகம் இருக்கும். ஜூன் வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமா
தேவானந்தம்


பிலாய்
14.12.1968

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரயில்வே லைனைத் தாண்டிப் பந்து எறிய வைத்தவர் நீங்கள். ஒரு காரியம் நடக்கவில்லை என்று உங்கள் ஆயுளில் எழுதியதில்லை. பையனுக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். அப்படியிருந்தால் குஸ்திக்காரன் மாதிரி இருக்கிறான் என்றல்லவா எழுதியிருப்பீர்கள். அப்போதுதான் புரிந்தது. அவன் போட்டுவிட்டான், இல்லையா மாமா?

எனக்குக் கோபம் இல்லை. ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். ஜனவரி மூன்றாம் தேதி வருகிறேன். நீங்களும் எங்களோடு கிளம்பி வந்துவிடுங்கள். இதை மரியாதைக்குச் சொல்லவில்லை.

உங்கள்
ஜெயசீலி


கிழக்குத் தாம்பரம்
9.2.1969

மகள் ஜெயசீலிக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. பள்ளியில் முதல் நாளே தானாகப் பட்டன் போட்டுக் காட்டினான் என்று எழுதியிருந்தாய். யார் பழக்கினது என்று அவர்கள் கேட்டிருந்தால் என் பெயரை இனிஷியலோடு சொல்லியிருக்கலாம்.

நான் வராததற்குக் காரணம், இங்கே எனக்கு ஒழிவில்லை. பையன் கை நேரானதைக் கேள்விப்பட்டு ஊரெல்லாம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். சேலையூரிலிருந்து எட்டு, பல்லாவரத்திலிருந்து பன்னிரண்டு. வீட்டில் உட்கார இடமில்லை.

நீ பென்சிலை எடுப்பதற்குள் அந்த வரிகளை நானே அடித்துவிடுகிறேன். யாரும் வரவில்லை. பச்சையம்மா மட்டும் வருகிறாள். பையன் ஊருக்குப் போய்விட்டான் என்று அவளிடம் முதலில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கிளிஞ்சல் கொண்டுவந்தாள், வாங்கிப் பாட்டிலில் போட்டேன். போன வாரம் சொன்னேன். "மே மாசம் லீவுக்கு வருவான்" என்றேன். "மே மாசத்துக்கு இன்னும் எத்தினி நாளு கீது?" என்றாள். "கிட்டத்தில்தான்" என்றேன். அவள் இறக்கிவைத்த கூடையை உடனே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை காலையில், அவன் சட்டையில் நாலையும் தானாகவே போட்டுவிட்டான். அன்றைக்கு நான் நீள மணி அடிக்கவில்லை. "நாலும் போட்டேனே, ஏன் சார் அடிக்கலே?" என்று கேட்டான். மணி விரிசல் விட்டுவிட்டது என்றேன். பையன் நம்பிவிட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக் காட்டினான், ஒருவேளை இந்தத் தடவை அடிக்குமோ என்று. அதற்குப் பிறகு நீ வரும்வரைக்கும் தினமும் கேட்டான். முப்பது வருஷத்தில் நேரம் தவறி மணி அடிக்காத ஆள் நான். ஐம்பத்தைந்து நாள் தவறவிட்டேன். இதில் மிகை ஒன்றும் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்.

சென்ட்ரலில் ரயில் கிளம்பப்போகும்போது ஜன்னலில் இருந்துகொண்டு, "சார், இப்போ அடிங்க" என்றானே, நீ கேட்டிருப்பாய். மறுபடி கண்ணில் கரி விழுந்து, துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஸ்டேஷனில் மணி அடித்துவிட்டார்கள்.

காக்கிக் கோட்டைத் தேடுகிறான் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்சலில் அனுப்ப முடியாது, நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே இந்த வருஷம் பயங்கரக் குளிர், பிலாய் எல்லாம் பக்கத்தில் வர முடியாது. பட்டன் ஐந்தையும் திறந்தேதான் வைத்திருக்கிறேன். அதைப் போட என் கைக்கு வரவில்லை என்று அவனிடம் சொல்.

மாமா
தேவானந்தம்