இரண்டு கிளினிக் கொப்பிகள்

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது இப்படிக் கூப்பிட்டால் ஒரு தரத்தில் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். இப்போதாவது காது கொடுங்கள். நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. எனக்கு உங்களோடு கோபம் இன்னும் முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை உங்கள் தம்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பை வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. உங்களுக்கு வந்த அதே கை, அதே கோணல்.

“ஒண்டுமில்லை மச்சாள், வாதக் குணம்தான். எண்ணெய் பூசினால் சரி. ஊசி மட்டும் போடக்கூடாது” என்று நாக்குத் தடக்கத் தடக்கச் சொல்கிறார். ஐயோ, உங்களுடைய வாய்தான் அவருக்கும்!

நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள்? பாரிசவாதத்துக்கு ஊசி போட்டால் கைகால் விறைத்துப்போகும் என்று உங்கள்பாட்டுக்கு ஒரு சட்டம். நான் ஸ்ட்ரோக் என்றேன். “உது இங்கிலீசுக்காரருக்கு வாற வருத்தம்” என்றீர்கள். கொடிகாமத்து நாட்டுவைத்தியப் பரியாரியாரின் எண்ணெய் வரட்டும் என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தீர்கள். நானும் விசரி மாதிரிக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஆசுபத்திரியில் உங்கள் கிளினிக் கொப்பியில் ஹெமிப்ளீஜியா என்று எழுதினார்கள். ஒரு பக்கம் அடியோடு அசையாது என்று அர்த்தமாம். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லைப் பட்டம் வாங்கினதுபோலச் சொல்லிக் காட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லைப் பாடமாக்கத் தெரிந்த மனிசனுக்கு நேரத்துக்கு வண்டியில் ஏறத் தெரியவில்லையே! ஒன்றரை வருடம் கிடந்த கட்டிலிலேயே போய்விட்டீர்கள்.

இந்தமுறை நான் யாருடைய சட்டத்தையும் கேட்கவில்லை. முன்வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். “வாதமோ என்னவோ, பேரை அங்கை போய் வைப்பம். முதல்லை ஏறும்!” என்று கத்தி, அவரைக் கட்டியிருந்த சேற்றுச் சாரத்தோடேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

நேற்று அவருடைய கொப்பியைப் பார்த்தேன். ஹெமிபரேசிஸ் என்றிருந்தது. இது என்ன புதுசாக ஒன்று என்று டொக்டரிடம் கேட்டேன். “பலம் குறைஞ்சிருக்கு அம்மா, ஆனால் அசைவு போகேல்லை. உடனை கொண்டுவந்தது நல்லதாப் போச்சு” என்றார். உங்கள் தம்பி எனக்குக் காட்டுவதற்காக வலக்கை விரல்களை மெல்ல மெல்ல மடக்கினார்.

நான் ஆசுபத்திரி வாட்டிலேயே குழறி அழுதேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்குகிறதா? அன்றைக்கும் இப்படிக் கத்தியிருந்தால் நீங்களும் ஏறியிருப்பீர்களா?

அடுத்த திவசத்துக்கு உங்கள் தம்பி அந்தக் கையாலேயே உங்களுக்குச் சோறு படைப்பார். அதுவரை தினமும் அந்த விரல்களை நான் மடக்கி நீட்டிப் பழக்குவேன். முரண்டு பிடித்தால், உங்களுக்கு ஏசாமல் விட்ட ஏச்செல்லாம் அவருக்குத்தான். இது சத்தியம்.

அன்றைக்கு மட்டும் உங்கள் சொல்லுக்கு அடங்கிப்போன,
உங்கடை மனிசி